மஞ்சள் தண்ணீர் பட்ட ரோசாக்கள்

செத்தவீட்டுப் பூவை யாராவது வீட்டுக்குள் வைத்திருப்பார்களா? என் மாமி, கணவரின் தாய், வைத்திருந்தார். இறந்துபோன மாமாவின் சவப்பெட்டிமேல் கிடந்த சிவப்பு ரோசாக்களைத் தலைகீழாகக் கட்டிக் காயவைத்து, பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டின் முன்னறையில், மாமாவின் படத்துக்குக் கீழே அடுக்கியிருந்தார். நான் கலியாணம் முடித்துக் கனடாவுக்கு, மொன்றியலில் வந்து இறங்கிய முதல் வாரமே அவற்றைப் பராமரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும், திரையை இழுத்து மூடு. ஈரம் ஆகாது, சோறு வடிக்கும்போது கதவைச் சாத்து. காற்றுக்கு இதழ் உதிரும், ஜன்னலைத் தொடாதே. தூசியை மேக்கப் பிரஷால் இதழ் இதழாகத் தட்டு. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இந்தப் பூவோடு சேர்ந்து நானும் காய்ந்துகொண்டிருந்தேன்.

மெட்ரோவுக்குப் பக்கத்தில் காலையில் இலவசமாகப் பிரெஞ்சு வகுப்பு நடந்தது. அதற்குப் போக வேண்டுமென்று உயிரை விட்டேன்.

"பேந்து பாப்பம் பிள்ளை. நீர் போனால் பூவை ஆர் பாக்கிறது?" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போடுவார் மாமி.

கணவரிடம் சொன்னால், "அம்மா சொன்னால் சரிதானே" என்றுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். நல்ல மனுசன்!

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டைத் துடைத்து, ஊரில் செய்வதுபோல மூலைமூலையாக மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். துடக்குப் பூ, தீட்டுப் பட்டது என்று மனதில் கிடந்ததால் ரோசாக்களுக்கு இரண்டு கை கூடவே தெளித்தேன். சத்தியமாகக் கெடுக்க நினைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்குள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டன.

மாமி அவற்றைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். பாவமாக இருந்தது. அதற்கு மேலே சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

திங்கட்கிழமை காலை கொப்பியும் பேனையுமாக வகுப்புக்கு வெளிக்கிட்டு, பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமி ஏசுவார், நானும் இரண்டு சொல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் வந்து என் கையைப் பிடித்தார்.

"அவரும் போயிட்டார், பூவும் போயிட்டுது. நீரும் வெளிக்கிட்டால் நான் ஆரோடை பிள்ளை கதைக்கிறது?"

ஏசியிருந்தால் போயிருப்பேன். பாவி மனுசி, அழுதார்.

"நான் எங்கை மாமி போறது, இஞ்சைதானே நிக்கிறன்" என்று சொல்லியபடி குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.