புளி போட்டுத் தேய்த்த எஞ்சின்

திருவனந்தபுரத்தில் ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் காரின் பானட்டைத் திறந்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டார்கள். எங்கள் வள்ளியூர்ப் பக்கம் நேர்மாறு. வருகிறவன் பேசவே மாட்டான். ஸ்பேனரைப் பிடுங்கி, நன்றாக இருக்கிற போல்ட்டையும் கழற்றி, அதைத் தொலைத்த பிறகுதான் வாயைத் திறப்பான். இரண்டு ஊரிலும் வாழ்ந்து பார்த்துவிட்டேன். எது மேல் என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

இந்தப் பங்குனியில் அப்படி நாலு பேர் சூழ, என் பழைய டீசல் காரின் எஞ்சின் முற்றத்தில் இரண்டு டயர் மேல் மல்லாந்து கிடந்தது. பலாமரக் கிளையில் சங்கிலி மாட்டி நானே இறக்கினேன். அது கெட்டதும் என்னால்தான். ஆயில் குறைந்ததென்று டாஷ்போர்டில் விளக்கு எரிந்தபோது, விளக்குதான் பழுது என்று தீர்ப்புச் சொல்லி ஒரு மாதம் ஓட்டினேன். கிராங்க் என்கிற தண்டு சுழலுகிற இடத்தில் உள்ள பேரிங்குகள் தேய்ந்து, எஞ்சின் உரல் இடிப்பதுபோல இடிக்க ஆரம்பித்தது.

வேறு ஒருவனாக இருந்தால் வர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பான். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, லாரியில் கிளீனராக ஏறியவன். பிறகு இங்கே வந்து, சாலை என்கிற கடைத்தெருவில் மூட்டை சுமந்து, அதே தெருவில் சொந்தமாகப் பாத்திரக்கடை வைத்தவன். இதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். போனில் ஊரிலிருக்கும் மச்சினனிடமும் சொன்னேன்: "எஞ்சினை நானே பிரிச்சிட்டேன். உத்திரத்துக்கு அதே வண்டியிலதான் வருவேன்."

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் பொங்கலிடுவது எங்கள் வழக்கம். ஒரு வருஷமும் தவறியதில்லை. பஸ்ஸிலும் போகலாம்தான். ஆனால் பஸ்ஸில் போய் இறங்கினால், 'மலையாளத்தான் நொடிச்சுப்போனான்' என்று கோயில் வாசலிலேயே பேசிவிடுவார்கள். ஊரில் என் பேர் மலையாளத்தான். இங்கே அண்ணாச்சி.

"அண்ணாச்சி, வர்க்‌ஷாப்பில் கொடுத்தா போரே?" என்றார் பக்கத்து வீட்டு சசி சேட்டன். சர்க்கார் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். கொடுத்தால் போதாதா என்று கேட்கிறார்.

"நம்ம கை போதும் சேட்டா. நீங்க வேடிக்கை பாருங்க."

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, செல்போனில் வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

கிராங்கைப் பிடித்து வைப்பவை ஐந்து இரும்பு மூடிகள். எந்த மூடி எங்கிருந்ததோ அங்கேதான் திரும்பப் போக வேண்டும். மாறினால் கிராங்க் சுற்றாது. அந்தக் காலத்தில் எங்கள் லாரி டிரைவருக்கு எழுத்து வாசனை கிடையாது. மூடிகளுக்குக் குங்குமம் வைப்பார். முதல் மூடிக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு. நானும் அப்படியே வைத்து, தட்டில் அடுக்கி, புறவாசல் படியில் வைத்தேன். கிராங்கை லேத்தில் கொடுத்து மினுக்கி, புது பேரிங்கும் வாங்கி வந்து பார்த்தால், தட்டில் ஐந்து மூடிகளும் குத்துவிளக்குகளோடு பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன.

"ஏட்டி, என்ன செஞ்சே?"

"உத்திரத்துக்கு வெளக்கு தேய்ச்சேன். இதுவும் கரியா கெடந்துச்சு. சேத்து புளி போட்டு நாரால தேய்ச்சிட்டேன்" என்றாள் என் மனைவி. பாத்திரக்கடைக்காரன் பெண்டாட்டி, வேறென்ன செய்வாள்.

உத்திரத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு மூடியை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல மூணுன்னு வெட்டியிருக்கே. இது ஒண்ணு. நம்பர் போட்டுத்தானே வச்சிருக்கான், நீங்க எதுக்குப் பொட்டு வச்சீங்க?"

எண்கள் செதுக்கியே இருந்திருக்கின்றன. அழுக்கு மூடியிருந்தது. சத்தம் கேட்டு வந்த சசி சேட்டன் செல்போனை என் முன்னே நீட்டினார். வீடியோவில் நான் அவரைப் பார்த்து எதையோ பீற்றிக்கொண்டே குங்குமம் வைக்கிறேன். மூன்று பொட்டு வைத்த மூடிகள் இரண்டு. நாலு பொட்டு எதிலும் இல்லை.

"அண்ணாச்சி, சேச்சி கழுவியது நன்னாயி" என்றார். அவள் கழுவியது நல்லதாகப் போயிற்று என்கிறார்; பொட்டை நம்பியிருந்தால் கிராங்க் சுற்றியிருக்காது.

துருப் பிடிக்குமுன் மூடிகளுக்கு எண்ணெய் தடவினேன். அவள் எண் வாசிக்க வாசிக்க மாட்டி முறுக்கினேன். கிராங்க் ஒரு கையால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அப்போதுதான் சசி சேட்டன் எழுந்து வந்து, முதல் தடவையாக, ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

எஞ்சினை வண்டியில் ஏற்றி, உத்திரத்தன்று இடிக்கிற சத்தமில்லாமல் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சினன் பானட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மலையாளத்து மெக்கானிக் நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றான்; நானே செய்தேன் என்பதை அவன் நம்பவில்லை. நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி, "ஆமா, மெக்கானிக் ரெண்டு பேரு. இவரு ஒருத்தரு, நான் ஒருத்தி" என்றாள்.

பொங்கல் பானை அடுப்புக் கல்லில் ஆடியது. டிக்கியில் கிடந்த தேய்ந்த பழைய பேரிங்கில், இரண்டு அரைவட்டத் தகடாக இருப்பதில், ஒரு பாதியைக் கல்லுக்கடியில் செருகினேன், பானை நின்றது. புறப்படும் அவசரத்தில் அதை எடுக்க மறந்துவிட்டேன். அதன் மறுபாதி இங்கே, எங்கள் கிரைண்டரின் ஆடுகிற காலுக்கடியில் கிடக்கிறது.