இருநூற்றுப் பன்னிரண்டாம் ஷாட்

மேனேஜரக்கா தம்பியின் காதுக்குப் பின்னால் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கு ஆக்ஸிஜன் கொண்டுபோகும் குழாய் இரண்டு காதையும் சுற்றித்தான் போகும். கவனிக்காமல் விட்டால் மூன்றே வாரத்தில் தோல் உரிந்து புண்ணாகிவிடும். அவள் பஞ்சை விரலளவு திரியாக உருட்டி, குழாய் உரசும் இடத்தில் சுற்றி, மேலே மெல்லிய ஒட்டுத்துணி போட்டு அழுத்தினாள். தம்பி முகத்தைச் சுளித்தான்.

"கிள்றியா, மருந்து போடுறியா?"

"ரெண்டும்தான். ஆடாம இரு."

அப்போது வாசல் கதவின் இடுக்கு வழியாக ஒரு நீள உறை உள்ளே வந்து விழுந்தது. மூலையில் அரசு முத்திரை. தம்பி தலையைத் தூக்கப் பார்த்தான். இருமல் வந்து தள்ளியது. அவள் ஒரு கையை அவன் முதுகுக்குக் கொடுத்து, இருமல் அடங்கும்வரை பிடித்துக்கொண்டு, பிறகு போய் உறையை எடுத்தாள்.

"மானியக்காரங்களா? படி."

அவள் மனசுக்குள் படித்தாள். முழுவதும் படிக்க அரை நிமிடம் ஆகவில்லை.

"ஏதோ விளக்கம் வேணுமாம். இன்னிக்கே வரச் சொல்லியிருக்காங்க."

"நல்ல விளக்கமா, கெட்ட விளக்கமா?"

"அரசாங்க விளக்கம்," என்று சொல்லிவிட்டு அவள் கைகழுவப் போனாள்.

தம்பிக்கு நுரையீரல் நார்பிடித்துக் காய்ந்துகொண்டு வந்தது. மருத்துவர் மாதக் கணக்கில் பேசுவதை நிறுத்தி வாரக் கணக்குக்கு வந்திருந்தார். அவன் எடுத்தது ஒரே ஒரு படம். அம்மா விட்டுப்போன கடையை விற்று எடுத்தது. படம் முடிந்து, வெட்டி ஒட்டியும் ஆகிவிட்டது. ஒலி சேர்க்கும் கூடத்தில் அப்படியே நிற்கிறது. உள்ளூர்ப் படங்களுக்கு அரசு தரும் மானியம் வந்தால் கூடத்துக்காரர்கள் மீதி வேலையை முடித்து நல்ல பிரதி தருவார்கள். வராவிட்டால் தரமாட்டார்கள். ஒலி இல்லாத படத்தை வீட்டிலேயே போட்டுக் காட்டட்டுமா என்று எடிட்டர் கேட்டபோது தம்பி சொன்னான்: "அது படம் இல்லடா, எலும்புக்கூடு. நான் தியேட்டர்ல பாக்கணும். ஒரு தடவை."

ஒரு தடவைக்கு வேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் மேனேஜரக்கா யோசித்து வைத்திருந்தாள். பக்கவாட்டுக் கதவுள்ள தியேட்டர், சக்கர நாற்காலி, சின்ன சிலிண்டர் இரண்டு, பகல் காட்சி.

அவளுக்கு வயது ஐம்பத்துநான்கு. பத்தொன்பதில் ஓராண்டு நர்சிங் உதவியாளர் பயிற்சி படித்தாள். ஒரு சண்டைப் படத்துக்கு முதலுதவி செய்ய ஆள் வேண்டும் என்று பதினைந்து நாள் கூலிக்குக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் யாருக்கும் அவ்வளவாக அடிபடவில்லை. சும்மா உட்கார முடியாமல் சாப்பாட்டு வரிசையை ஒழுங்கு செய்தாள்; வண்டிகளுக்கு நேரம் குறித்தாள்; அழுத கதாநாயகிக்கு மூக்கு சிந்தத் துணி கொடுத்தாள். பதினாறாம் நாள் அவளை அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அப்படித்தான் அவள் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனாள். அவளுக்குப் பெயர் இருப்பதே பலருக்கு மறந்துபோனது. அம்மா இறந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஷூட்டிங் போவாள். ஷூட்டிங் முடிந்து வந்து அவன் சட்டையைத் துவைப்பாள். கல்யாணம் என்று ஒன்று பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் அடுத்த படம் தொடங்கிவிட்டது.

மானிய அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. பிரிவு அலுவலர் அவளுக்கு மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, கோப்பைத் திருப்பி வைத்தார். நல்ல மனிதர். தம்பியின் உடம்பு பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்.

"அம்மா, உள்ளூர்ல இத்தனை நாள் எடுத்தாத்தான் மானியம்னு உங்களுக்கே தெரியும். தினசரி அறிக்கையில எழுதியிருக்கிற ஷாட் எண்ணையும், கேமராவுல பதிஞ்ச மொத்தத்தையும் இப்ப ஒவ்வொண்ணாப் பொருத்திப் பாக்குறோம். இந்த வருஷத்து விதி. உங்க படத்துல ரெண்டு ஷாட் இல்ல. இருநூத்துப் பன்னண்டு, இருநூத்துப் பதிமூணு. பதினேழாம் நாள் ஒண்ணு, பதினெட்டாம் நாள் ஒண்ணு. அந்த ரெண்டு நாளும் வேற ஷாட்டே கிடையாது."

மேனேஜரக்கா அறிக்கையைப் பார்த்தாள். 'ஷாட் 212. கதவு மூடுகிறது.' அவள் கையெழுத்துதான்.

அந்த இரண்டு நாளும் கொட்டோ கொட்டென்று மழை. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷாட் எடுத்துவிட்டால் அது முழு நாள், முழுச் சம்பளம். ஒன்றுகூட எடுக்காவிட்டால் பாதிதான். அதனால் மழை பிடித்துக்கொண்டால் எந்த மேனேஜரும் குடைக்கு அடியில் கேமராவை வைத்து எதையாவது ஒன்றை எடுக்கச் சொல்லிவிடுவார். ஒரு ஜன்னல், ஒரு நனைந்த செருப்பு. படத்தில் அது வராது. ஆட்களுக்குச் சாப்பாடு வரும். அந்த இரண்டு நாள் கேமராவோடு வந்த ஆள் வண்டிக் கதவையே திறக்கமாட்டேன் என்றுவிட்டான். தம்பி இருமலோடு விடுதியில் படுத்திருந்தான். "ஷாட் இல்லாத நாளுக்குப் பாதிதான், அக்கா. கைக்கு அடக்கமா செலவு பண்ணு," என்று சொல்லியிருந்தான். லைட் யூனிட்டில் ஒன்பது பேர். விடிகாலையில் நாலு மணிக்கு எழுந்து விளக்குகளை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, தார்ப்பாய்க்கு அடியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அறிக்கையில் ஒரு கதவை மூடினாள். மறுநாள் அதே கதவைத் திறந்தாள். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இப்படி எத்தனையோ கதவு. எந்த முதலாளியும் எண்ணிப் பார்த்ததில்லை.

"இந்த ரெண்டு நாளைக் கழிச்சாலும் எங்களுக்கு நாள் தேறுமே," என்றாள்.

"தாராளமாத் தேறும். பிரச்சினை நாள் இல்லம்மா. பொய் அறிக்கை குடுத்த கம்பெனிக்கு மானியம் கிடையாது. அதான் விதி." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. தொழிலாளிங்க தப்பான தகவல் குடுத்துக் கையெழுத்துப் போட்டாங்கன்னா, அது கம்பெனி தப்பு ஆகாது. அந்த ரெண்டு நாளைக் கழிச்சிட்டு ஃபைலை அனுப்பிடலாம். இந்தப் படிவத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நாளைக்குக் காலைல குழு உக்காருது."

"அந்த ஒன்பது பேருக்கு?"

"மூணு வருஷம் மானியப் படத்துல வேலை செய்யக் கூடாது. அவ்வளவுதான்."

இந்த ஊரில் இப்போது மானியத்துக்கு விண்ணப்பிக்காத படமே கிடையாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஏணி வந்திருந்தான். லைட் யூனிட்டின் தலைவன். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் அந்தப் பெயர். வாரம் இரண்டு தடவை வந்து காலி சிலிண்டரை இறக்கிவிட்டு நிறைந்ததை ஏற்றித் தருவான். வேலைக்குப் போகிற வழிதானே என்பான். வழியே இல்லை; நேரெதிர்த் திசை.

"வாங்கக்கா. டைரக்டர் சார்கிட்ட சொல்லிட்டு இருந்தேன். படம் போடுற அன்னிக்கு எனக்கு முன் சீட்டு வேணும்."

"நீ முன்னால உக்காந்தா பின்னால எவனுக்குடா படம் தெரியும்?" என்றான் தம்பி.

"அப்பத் தரையில உக்காந்துக்கிறேன் சார். தரையில உக்காந்தாலும் மத்தவங்க நாற்காலி உசரம் இருப்பேன்."

தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நீலமாகி, மேனேஜரக்கா ஓடிவந்து அவனை நிமிர்த்தி உட்காரவைக்கும்படி ஆகிவிட்டது. ஏணி சிலிண்டரின் திருகை இறுக்கிச் சரிபார்த்துவிட்டு, "வரேன்க்கா," என்று கிளம்பினான். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து போனான்.

அவன் காலடிச் சத்தம் தேய்ந்ததும் தம்பி கேட்டான்: "என்ன சொன்னாங்க?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு ஷாட், பாதிச் சம்பளம், படிவம், ஒன்பது பேர். நோயாளியிடம் பாதி சொல்லிப் பாதி மறைத்தால் மறைத்த பாதியை அவனே மோசமாகக் கற்பனை செய்துகொள்வான் என்பது அவள் பயிற்சியில் கற்றது. 

"என் படத்துல என்னைக் கேக்காம நீ ரெண்டு ஷாட் எடுத்திருக்கே."

"ஆமா."

"நான் பாதின்னு சொன்னேன்ல?"

"சொன்னே. அவங்க நனைஞ்சதை நீ பாக்கல. நான் பாத்தேன்."

"சரி. கையெழுத்துப் போட்டுடு."

அவள் அவனைப் பார்த்தாள்.

"என்ன பாக்குறே? போட்டுக் குடு. ஒன்பது பேருக்கும் கையும் காலும் இருக்கு. மூச்சு இருக்கு. மூணு வருஷம் வேற ஏதாவது செஞ்சு பொழைப்பாங்க. கல்யாண வீட்டுல சீரியல் லைட் கட்டுவாங்க. எனக்கு மூணு வருஷமாக்கா இருக்கு?"

"அவங்க என்னடா தப்பு பண்ணாங்க? நான் நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டாங்க."

"நீ பண்ண தப்புக்கு நான்தானே சாகுறேன்!"

அது நியாயமில்லாத பேச்சு. அவன் சாவது நுரையீரலால். ஆனால் மூச்சு முட்டுகிறவனிடம் நியாயம் பேச முடியாது.  அவனுக்கு அந்தக் கோபத்தில் உதடு வெளுத்திருந்தது. அவள் வாயுவின் அளவை ஒரு புள்ளி கூட்டினாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"இப்பதானே அவன்கூடச் சிரிச்சே?" என்று கடைசியில் கேட்டாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "அதனாலதான் அவன் போனப்புறம் சொன்னேன். அவன் முன்னாடி சொல்ல எனக்கு மட்டும் தைரியம் இருக்கா?" மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து, காதோரம் அவள் வைத்திருந்த பஞ்சில் இறங்கியது. "எனக்குப் படம் பாக்கணும்க்கா. சத்தத்தோட."

அவன் அப்படிக் கேட்டது ஒன்பது வயதுக் குரலில். அந்தக் குரல் கேட்டு அவள் வாங்கித் தராத பொருள் எதுவும் கிடையாது. படிவத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். ஒன்பது பெயருக்கும் கோடு அச்சாகியிருந்தது. முதல் கோட்டில் ஏணியின் உண்மைப் பெயரை எழுத வேண்டும். அது அவளுக்குத் தெரியும். சம்பளப் பட்டியலில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். பேனாவைத் திறந்தாள். ஏணிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மற்ற எட்டுப் பேரில் மூன்று பேர் மாமன் மச்சான்கள், ஒரே அடுப்பு. பேனாவை மூடினாள்.

"எழுதிட்டியா?" என்று படுக்கையிலிருந்து கேட்டான்.

"இல்ல."

"எழுதுவியா?"

"மாட்டேன்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கம் படுத்தால் அவனுக்கு மூச்சு வாங்கும். வாங்கட்டும் என்று படுத்திருந்தான். அவள் இரண்டு தடவை திருப்பிப் படுக்கவைத்தாள். இரண்டு தடவையும் அவன் மறுபடி சுவர்ப்பக்கம் போனான்.

மறுநாள் காலை அவள் வெந்நீர் வைத்து, துணி நனைத்து, அவன் உடம்பைத் துடைத்தாள். குதிகாலையும் இடுப்பெலும்பையும் பார்த்தாள். சிவப்பு எதுவும் இல்லை. படுக்கை விரிப்பை மாற்றினாள். அவன் கையைத் தூக்கு என்றபோது தூக்கினான், புரளு என்றபோது புரண்டான், வாயை மட்டும் திறக்கவில்லை. கஞ்சியை மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

மூன்றாவது மாடிக்கு நின்று நின்று ஏறினாள். அலுவலர் கையை நீட்டினார். அவள் கொடுத்தது அந்தப் படிவம் அல்ல. பேருந்தில் வரும்போது எழுதிய ஒரு வெள்ளைத் தாள். பதினேழாம் நாளும் பதினெட்டாம் நாளும் ஷாட் எடுக்கப்படவில்லை, எடுத்ததாக எழுதியது நான், தொழிலாளர்கள் நான் சொன்ன இடத்தில் கையெழுத்திட்டார்கள், தயாரிப்பாளரான என் தம்பிக்கும் இது தெரியாது என்று ஐந்து வரி. கீழே தன் முழுப் பெயர்.

அவர் படித்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதைக் குடுத்தா ஃபைல் மூடிடும்மா; மேனேஜர் பண்ணாலும் கம்பெனி பண்ண மாதிரிதான், மானியம் வராது. உங்களுக்கும் இனிமே வேலை கிடைக்காது."

"தெரியும்."

"தம்பி..."

"அவனுக்கும் தெரியும். வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீல் போட்டு நகல் குடுங்க சார்."

நகலை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். கீழே வந்து தையற்காரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"கஞ்சி குடிச்சானா?"

"எங்கம்மா? ஸ்பூனைக் கொண்டுபோனாலே பல்லைக் கடிச்சுக்கிறார்."

"கட்டாயப்படுத்தாதீங்க, புரையேறிடும். தலைமாட்டை மட்டும் கொஞ்சம் உசத்தி வைங்க. நான் வந்து குடுக்கிறேன்."

மருந்துக் கடையில் இருமல் மருந்தும் பஞ்சும் வாங்கிக்கொண்டு, வந்த முதல் பேருந்தில் ஏறினாள்.