இனயம் ரெண்டு தடவை

சார், அந்த சால்வையை முதல்ல மேசையில வையுங்க. எனக்க பிரிவு உபசார விழா, கேடயம், மத்தியானம் பிரியாணி எல்லாம் பேசுறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடுறேன். கேட்டுட்டு நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நம்ப மாட்டீங்க, உங்க மூஞ்சியே சொல்லுது. பரவாயில்லை, வேற யாராவது இதை எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

எனக்கு பேய், பிசாசு, ஆவி எதுலயும் நம்பிக்கை கிடையாது. இருட்டுல போனா பைபிள்ல உள்ள ஒரு சங்கீதத்தைச் சொல்லிக்கிட்டே நடன்னு எங்க வீட்டுல சொல்லி வளத்தாங்க, நான் அதுகூட சொல்ல மாட்டேன், சினிமாப் பாட்டைப் பாடிக்கிட்டு போவேன். நேயர்களோட ஆவி அனுபவம்னு ஒரு நிகழ்ச்சி தரச் சொல்லி ஒரு மேனேஜர் என் பின்னாலேயே அலைஞ்சார், எனக்க வாயால அந்தப் பொய்யெல்லாம் வராதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். அப்படிப்பட்டவ நான். அதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்போ கறுப்புத் தட்டு காலம். பாட்டு தொடங்குற இடத்துல ஊசியை வச்சு, தட்டை ஒத்தை விரலால பிடிச்சுக்கிட்டு, பேசி முடிச்ச கையோட விடணும், ஒரு நொடி பிந்தினா ரேடியோவில மயான அமைதி. அந்த அமைதிதான் சார் எங்களுக்குப் பேய், வேற பேய் கிடையாது. அப்புறம் டேப் வந்துது, சிடி வந்துது, கம்ப்யூட்டர் வந்துது, முதல்ல இருந்த ரேடியோவை விட்டு இந்த எஃப்எம்முக்கு வந்தேன். எத்தனையோ மேனேஜர் வந்தாங்க போனாங்க, ஒருத்தர் பேரும் நேயர்களுக்குத் தெரியாது. மெர்சி அக்கான்னு சொல்லிப் பாருங்க, வடசேரி சந்தையில காய் விக்கிறவங்ககூட ரெண்டு கத்திரிக்கா சேத்துப் போடுவாங்க. பெருமைக்குச் சொல்லலை, செரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

இனயம் விஷயத்தைச் சொல்லணும், அது தெரியாம இந்தக் கதை புரியாது. கடல் எச்சரிக்கை வாசிக்கிறப்போ கரையோர ஊரையெல்லாம் மேற்க நீரோடியில தொடங்கி கிழக்க கன்னியாகுமரி வரைக்கும் வரிசையா சொல்லுவோம். நான் சேந்த புதுசுல ஒருநாள், மேல இருந்து வந்த தாளுல இனயம் விட்டுப்போச்சு, நானும் தாளுல உள்ளதை அப்படியே வாசிச்சேன். மறுநாள் காலையில இனயத்துல இருந்து ஒரு அம்மா மீன் விக்கிற சருவத்தோட ரெண்டு பஸ் மாறி நிலையத்துக்கே வந்துட்டாங்க. வாசல்ல நின்னு, "ஏட்டி, எல்லா ஊரையும் சொன்னியே, எங்க ஊரு ஆம்பளைய எல்லாம் என்ன குளத்துலயா மீன் பிடிக்கான்? அவனுவளுக்கு உயிரு இல்லியா?"ன்னு ஒரு சத்தம். அன்னையில இருந்து தாளுல என்ன இருந்தாலும் செரி, நான் முதல்ல இனயத்தைச் சொல்லுவேன், அப்புறம் வரிசையில அதுக்க இடம் வரும்போ இன்னொருக்கா சொல்லுவேன். இனயம் ரெண்டு தடவை. வேற எந்த அறிவிப்பாளரும் அப்படிச் சொல்றதில்லை. கம்ப்யூட்டர்ல பேசவைக்க ஒரு குரல் வாங்கி வச்சிருக்காங்களே, அதுவும் சொல்லாது.

இப்போ அந்த நாளுக்கு வாறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். மத்தியான விருப்பப் பாடல் நிகழ்ச்சியை நான் காலையிலயே பேசிப் பதிவு பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுட்டு, கோட்டாறுக்குப் போனேன். எனக்க தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், சேலை எடுக்கணும். ஷாகுல் பாய் கடையில எப்பவும் நம்ம ரேடியோதான் ஓடும். நான் உள்ள நுழையும்போ நானே பேசிக்கிட்டு இருக்கேன், பாய்க்கு ஒரே சிரிப்பு, "அக்கா, அங்கயும் நீங்க, இங்கயும் நீங்க, எந்த அக்காவுக்கு டீ சொல்லட்டு?"ன்னு கேட்டார். நல்ல வெயில், பாத்துக்கோங்க. வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது. நான் ஒரு பச்சைச் சேலையைப் பிரிச்சு வெளிச்சத்துல பாத்துக்கிட்டு இருக்கேன்.

பாட்டு பாதியில நின்னுது. அந்த மயான அமைதி. சேலையைக் கையில வச்சுக்கிட்டே நான் ரேடியோவைத் திரும்பிப் பாத்தேன், இத்தனை வருஷப் பழக்கம். அப்போ வந்துது குரல்.

"இனயம். இனயம் மக்களே, நான் மெர்சி பேசுகேன். கடல்ல நிக்குத வள்ளமெல்லாம் இப்பமே கரை ஏறுங்க. மேற்க இருந்து காத்து வருது. கடல் சீறி வருது மக்கா, வலையை விட்டுட்டு வாங்க." அப்புறம் நீரோடியில இருந்து ஒவ்வொரு ஊரா, நிதானமா. வரிசையில இனயம் வந்தப்போ இன்னொருக்கா இனயம்.

எனக்க குரல் சார். ஆனா நான் பேசினது இல்லை. அப்படி ஒரு அறிவிப்பை நான் அன்னைக்கும் வாசிக்கலை, அதுக்கு முன்னாலயும் வாசிக்கலை. எச்சரிக்கையை மைக்குல எங்க ஊருப் பேச்சுல நான் சொன்னதே கிடையாது, அதுக்குன்னு ஒரு தமிழ் வச்சிருக்கேன். அதைவிட, அந்தக் குரல் கிழடு தட்டிப் போயிருந்துது. மூச்சு வாங்குது, சீ வர்ற இடத்துல பல்லுக்கு நடுவுல காத்து போற மாதிரி ஒரு விசில். கடைசியில, கொஞ்சம் தள்ளி நின்னு ஒரு ஆம்பளை சொல்றது கேட்டுது. "அக்கா, விடுங்கக்கா. எந்திரிங்க." அவ்வளவுதான், விட்ட இடத்துல இருந்து பாட்டு ஓடுச்சு.

பாய் என்னைப் பாக்கார், ரேடியோவைப் பாக்கார். "அக்கா, நீங்க இங்க நிக்கிய, அங்க பேசினது ஆரு?"ன்னார். சேலையைப் போட்டுட்டு ஆட்டோ பிடிச்சேன்.

நிலையத்துல வாட்ச்மேன் சத்தியம் பண்றார், உள்ள ஒருத்தரும் வரலைன்னு. ஸ்டூடியோ வெளிய பூட்டிக் கிடக்கு, மைக் அணைஞ்சு கிடக்கு, கம்ப்யூட்டர்ல காலையில நான் ஏத்தினது ஒழுங்கா ஓடிக்கிட்டு இருக்கு. ஒலிபரப்பு ஆகுற எல்லாத்தையும் பதிவு பண்ற மெஷின் இருக்குல்ல, அதைத் திருப்பிப் போட்டா முழுப் பாட்டு இருக்கு, பாட்டு நின்னதே இல்லை. ஆனா டெலிபோன் நிக்காம அடிக்குது. கரை பூரா கேட்டாச்சு. ஊருக்கு ஊரு கோயில் மணி அடிச்சு, போன் போட்டு, பக்கத்துக் கடல்ல நின்ன வள்ளத்தையெல்லாம் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. வலையை அறுத்துவிட்டு வந்தவங்க கரையில நின்னு வானத்தைப் பாத்தா, பளிச்சுன்னு வெயில்.

அப்போ இருந்த மேனேஜர் கோபத்துல செவந்துபோய் வந்தார். வானிலை ஆபீசுல கேட்டாச்சு, எந்த எச்சரிக்கையும் இல்லை. நான் கோட்டாறுல நின்னேன், பாய்கிட்ட கேளுங்கன்னேன், அவர் காதுலயே வாங்கலை. ஒரு தாளுல எழுதிக் கொண்டுவந்து எனக்க முன்னால போட்டார். வந்த அறிவிப்பு தவறு, மன்னிக்கவும், எல்லாரும் கடலுக்குப் போகலாம். "நீங்களே வாசிங்க மேடம், உங்க குரல்ல சொன்னாத்தான் நம்புவாங்க"ன்னார்.

சார், இதைக் கவனமா கேளுங்க. அந்தத் தாளை வாசிச்சா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நான் சொல்லாததை நான் சொல்லலைன்னு சொல்லப் போறேன், அவ்வளவுதானே? ஆனா அந்த ரெண்டு இனயம் எனக்க காதுலயே நின்னுது. அது பொய்யாப் போனா கரை பூரா என்னை ஏசும், ஒருநாள் மீன்பாடு போச்சேன்னு மண்ணை வாரி எறிவாங்க, எறியட்டும். நிஜமாகி, நான் திருப்பி அனுப்பின வள்ளம் ஒண்ணு வராமப் போனா, அதை என்னால தாங்க முடியாது. எனக்குப் பயம் இருந்துது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பயந்தா எனக்கு வீம்பு வரும், சின்ன வயசுலயே அப்படித்தான்.

"வாசிக்க மாட்டேன்"னு சொன்னேன்.

"வாசிக்கலைன்னா நாளையில இருந்து வர வேண்டாம்."

"வரலை. ஆனா இன்னைக்கு இந்த நாற்காலியில இருந்து நான் எழும்ப மாட்டேன், எனக்க இடத்துல வேற ஆளையும் இருக்க விட மாட்டேன். எனக்க குரலு ஒண்ணு சொல்லியாச்சு. சொன்னது ஆருன்னு எனக்குத் தெரியாது. அதுக்காக மாத்திச் சொல்ல மாட்டேன்."

அவர் கத்திக்கிட்டே வெளிய போனார், நான் ஸ்டூடியோ கதவை உள்ள தாழ் போட்டுட்டு உக்காந்தேன். அடுத்த பாட்டு, அதுக்கு அடுத்த பாட்டு. என்ன பாட்டுன்னு கேட்டா ஒண்ணும் ஓர்மை இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் யாருக்கோ போன் போட்டுக்கிட்டே நடக்கார், என்னை வெளிய இழுக்க வழி தேடுறார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு நடக்கிறதை நிறுத்திட்டு சன்னலைப் பாத்தார். சன்னல் இருட்டிப்போச்சு. அடுத்த கட்டடத்து மாடியில இருந்த தகரக் கூரை அப்படியே எழும்பி ரோட்டுக்குப் பறந்துது, கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் போட்டாங்க. ஒரு மணி நேரம் அடிச்ச காத்து, இந்த ஊருல பிறந்து வளந்த நானே அப்படி ஒண்ணு பாத்ததில்லை. இனயத்துல அலை ஏறி வந்து கரையில ஏத்தி வச்சிருந்த வள்ளத்தையே புரட்டிப் போட்டுதாம். ஆனா கடல்ல ஒரு வள்ளமும் இல்லை சார். ஒண்ணுகூட இல்லை. மேனேஜர் அந்தத் தாளை நாலா மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனார், மறுநாள் என்னைப் பாத்து குட் மார்னிங் மேடம்னார். தொழில்நுட்பக் கோளாறுன்னு மேலிடத்துக்கு எழுதி முடிச்சிட்டாங்க.

மெஷின்லதான் பதிவே இல்லையே, நானும் கனவா நினைச்சு விட்டிருப்பேன். ரெண்டு வாரம் கழிச்சு இனயத்துல இருந்து ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வந்தா. அன்னைக்கு ஓடின பாட்டு அவ துபாயில இருக்கிற அண்ணனுக்காகக் கேட்டது, அண்ணனுக்கு அனுப்பறதுக்காக ரேடியோ பக்கத்துல போனை வச்சுப் பதிவு பண்ணியிருக்கா. அவ புருஷன் அன்னைக்குக் கடல்ல நின்ன ஆளு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, அப்புறம் கேட்டா, "அன்னைக்கு மேலுக்கு சுகமில்லியா அக்கா? கெழவியளப் போல பேசினிய." பதிவை எனக்க போனுக்கும் அனுப்பினா. இப்பவும் இருக்கு. போனை மாத்தும்போதெல்லாம் முதல்ல அதைத்தான் மாத்தி வைப்பேன்.

இத்தனை வருஷம் நான் இதை யாருகிட்டயும் சொன்னதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால முன்வரிசையில ரெண்டு பல்லு எடுத்தேன். மறுநாள் நிகழ்ச்சி முடிச்சு வெளிய வந்தா நம்ம சவுண்ட் என்ஜினியர், "அக்கா, சீ சொல்லும்போ மைக்குல ஒரு விசில் வருது"ன்னு சொல்றான். நான் நேரா பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அந்தப் பதிவைக் கேட்டேன். கடல் சீறி வருது மக்கா. அதே விசில். பல்லு கட்டிக்கச் சொன்னாங்க, கட்டலை. ஏன் கட்டலைன்னு இப்போ உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

அந்த அறிவிப்பை நான் இன்னும் வாசிக்கலை சார். வாசிச்சது நான்தான், ஆனா இன்னும் வாசிக்கலை. வாசிக்காம இந்த மைக்கை விட்டுட்டுப் போனா, அன்னைக்குக் கரை ஏறின ஜெசிந்தா புருஷன் என்ன ஆவான், அந்த வள்ளமெல்லாம் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துல நான் சால்வை வாங்கிட்டுப் போக மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியாம இருந்துது, பின்னால கேட்ட அந்த ஆம்பளைக் குரல். இந்த ஊருல நாங்க எழும்புங்கன்னுதான் சொல்லுவோம், எந்திரிங்கன்னு சொல்ல மாட்டோம். நிலையத்துல வேலை பாத்த ஒவ்வொருத்தர் குரலையும் வருஷக்கணக்கா ஒத்துப் பாத்தேன், ஒண்ணும் சேரலை. போன வாரம் நீங்க மதுரையில இருந்து மேனேஜரா மாத்தலாகி வந்தீங்க. மீட்டிங் முடிஞ்சதும் என் நாற்காலிக்குப் பின்னால வந்து நின்னு, எந்திரிங்கக்கா சாப்பிடப் போலாம்னு சொன்னீங்க. என் கையில இருந்த டம்ளர் கீழ விழுந்துது, வயசாச்சுன்னு எல்லாரும் சிரிச்சீங்க.

இந்தாங்க போன். காதுல வச்சுக் கேளுங்க, கடைசியில வரும்.

அந்த நாளு எப்போ வரும்னு தெரியாது, சீக்கிரம்தான் வரும்னு நினைக்கேன். அன்னைக்கு எனக்குப் பின்னால நின்னு நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க, உங்களைக் குத்தம் சொல்லலை. நான் எந்திரிக்க மாட்டேன்.