கிளாக்கரம்மாவின் புதுக் கண்ணாடி

போன ஞாயிற்றுக்கிழமை பதுளைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக் கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஐயா, கண் டாக்டரு வந்திருக்காராமே... எந்தப் பக்கங்க?"

திரும்பினேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், புருஷனின் தோளைப் பிடித்தபடி நின்றாள். பேசியது என்னோடு. பார்த்ததோ என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ. பெயர் லெட்சுமி. ஸ்பிரிங்வெளி பஸ் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள்.

கண் டாக்டர் வந்தது உண்மைதான் — போன மாதம்! அன்று பின்னேரமே கொழும்புக்கு ரயிலேறியும் விட்டார். இனி அடுத்த வருஷம்தான் வருவார். இதை எப்படிச் சொல்வது? சொல்லித்தானே ஆக வேண்டும்... சொன்னேன்.

"உங்களுக்கு ஆர் சொன்னது, டாக்டர் வந்தவர் எண்டு?"

"யாரும் சொல்லலீங்க. எங்க தோட்டத்துக் கிளாக்கரம்மா புதுக் கண்ணாடி போட்டிருந்தாங்க. ஏதும்மா கண்ணாடின்னு கேட்டேன். டவுன்ல டாக்டரு வந்து சும்மாவே பாத்துக் குடுத்தாருன்னாங்க. அதான் ஓடியாந்தோம்."

புருஷன்காரன் தலையைச் சொறிந்தான். "கொழுந்தோட முத்தல் எலையும் கலந்துடுதுங்க. கணக்கப்பிள்ளை தெனம் ஏசுறாரு. இப்புடியே போனா பேரை வெட்டிருவேங்குறாரு."

பேரை வெட்டினால் வேலை போயிற்று. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்தில் இருக்கிற அந்த ஒற்றை அறையும் எத்தனை நாளைக்கு?

"அடுத்த வருசம் வரைக்கும் இந்தக் கண்ணு தாங்குமாங்கய்யா?" என்று கேட்டாள் லெட்சுமி.

எனக்குப் பற்றிக் கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை ஐயா — எங்கள் கிளப் மேல்!

கிளப் என்றதும் சீட்டாட்டக் கிளப் என்று நினைத்துவிடாதீர்கள். இது பொதுச் சேவை செய்கிற கிளப். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர், டாக்டர், வழக்குப் பேசுகிற புரொக்டர், என் போன்ற பள்ளிக்கூட வாத்தியார் என்று ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் எல்லாம் அங்கத்தவர்கள். தோட்டத்து ஏழைகளுக்கு இலவசக் கண் வைத்தியம் செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் நாங்கள்தான். நல்ல எண்ணம். அதில் குறை சொல்ல மாட்டேன்.

நோட்டீஸ் அடிக்கிற நேரம் வந்தது. சிங்களத்தில் போடுவதா, தமிழில் போடுவதா? இந்தக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் போதுமே... நாற்காலிகள் பறக்கும்! சமாதானமாக ஒரு முடிவு செய்தார்கள் — ஆங்கிலத்தில் மட்டும் போடலாம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. யாருக்கும் விளங்கவும் இல்லை.

அந்த நோட்டீஸைத் தபால் கந்தோரில் ஒட்டினார்கள். ரயில்வே ஸ்டேஷனில் ஒட்டினார்கள். எங்கள் கிளப் வாசலிலேயே ஒன்றை ஒட்டினார்கள் — எங்களுக்கு மறந்து போகுமோ என்று பயம் போலிருக்கிறது! தோட்டத்துத் துரைமாருக்கும் ஆளுக்கொன்று போயிற்று. லெட்சுமியின் தோட்டத்தில் துரை அதைப் பார்த்துவிட்டுக் கந்தோருக்கு அனுப்பினார். கந்தோரில் கிளாக்கர் படித்தார். படித்துவிட்டுப் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வந்து சேர்ந்தார். செய்தி அதற்கு மேல் ஓரடி நகரவில்லை.

வைத்திய முகாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சந்தை நாள். தோட்டத்து ஜனங்கள் கூடையும் பையுமாக எங்கள் மண்டபத்தைத் தாண்டித்தான் போனார்கள், வந்தார்கள். வாசலில் கோட்டும் டையுமாக நாங்கள் வரிசையில் நின்றோம் — வரவேற்பாம்! எங்களைக் கண்டதும் ஏதோ துரைமார் விசேஷம் என்று நினைத்து அவர்கள் றோட்டின் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனார்கள். பொறுக்க முடியாமல் நான் கையைத் தட்டி இரண்டு பேரைக் கூப்பிட்டேன். என்ன குற்றம் செய்தோமோ என்று பயந்து இன்னும் வேகமாக நடையைக் கட்டிவிட்டார்கள்.

உள்ளே உட்காரப் போட்டிருந்த வாங்குகள் காலி. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். படம் பிடிக்க வந்தவர் காமிராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். காலி வாங்கையா படம் பிடிப்பது? அங்கத்தவர்களின் மனைவிமார், மைத்துனர்மார், கந்தோர்ப் பியூன் என்று கிடைத்தவர்களை எல்லாம் உட்கார வைத்தார்கள். முன் வாங்கில் நம் கிளாக்கரம்மா. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று எல்லோரும் கண்ணையும் காட்டிக் கொண்டார்கள். அந்தப் பியூனுக்குக் கழுகுக் கண். அவனுக்கும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்!

லெட்சுமியைப் பார்த்து மூன்றாம் நாள் கமிட்டி கூடியது. நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். காரியதரிசியாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மாஸ்டர், நாங்கள் நோட்டீஸ் ஒட்டினனாங்கள். பேப்பருக்கும் குடுத்தனாங்கள். அவை வராட்டில் அது எங்கடை பிழையே?"

"அந்த மனிசிக்கு வாசிக்கத் தெரியாது. இப்ப கண்ணும் தெரியேல்லை. அவவுக்கு நோட்டீஸ் ஒட்டி என்ன பிரயோசனம்?"

தோட்டத்தில் ஒரு செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர என்ன செய்வார்கள்? விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். அங்கே கங்காணி ஒரு சத்தம் கொடுத்தால் போதும். அதற்கு முதல் நாள் பின்னேரம் லயம் லயமாகத் தப்படித்துச் சொல்லிவிட்டால் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர் காதிலும் விழும். கோயில் திருவிழாவை அப்படித்தான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்டேன்.

"தப்போ! செத்தவீட்டு மேளத்தை அடிச்சு எங்கடை கிளப்பின்ரை பேரைச் சொல்லுறதோ? மரியாதை என்னாகிறது?" என்று துள்ளினார் காரியதரிசியார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன மரியாதை? கண் தெரியாத ஒருத்தி பஸ்ஸேறி வந்து, போய்விட்ட டாக்டரைச் சந்தையில் தேடினாளே... அப்போது எங்கே போயிருந்தது இந்த மரியாதை? வாய்விட்டே கேட்டேன். தலைவர் மணியை அடித்து அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அடுத்த விஷயம் என்ன தெரியுமா? பிரசாரத்தை மேம்படுத்துவது! கிளப்பின் மாத இதழை இனிப் பளபளப்பான கடதாசியில் அடிப்பார்களாம். அங்கத்தவர்களின் பிறந்தநாள் வாழ்த்துகளைப் போடுவார்களாம். முதல் இதழின் அட்டைக்குப் படமும் தயார். முன் வாங்கில் கிளாக்கரம்மா. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி — தோட்டத்து ஏழைகளின் கண்ணுக்கு ஒளி கொடுத்தோமாம். ஏகமனதாக நிறைவேறியது, என் கை ஒன்றைத் தவிர.

ராஜினாமா செய்துவிடு என்றார் ஒரு நண்பர். ஏன் செய்ய வேண்டும்? செய்தால் அவர்களுக்குப் பரம சந்தோஷம்! நான் அங்கேயேதான் இருக்கப் போகிறேன், முள்ளாகக் குத்திக் கொண்டு.

அந்த டாக்டர் அடுத்த மாதம் ஓய்வுக்காகப் பண்டாரவளைக்கு வருகிறாராம். ஓய்வெடுக்க வருகிறவரைத் தொந்தரவு செய்வது அழகில்லைதான். ஆனாலும் போய்க் காலைப் பிடிக்கப் போகிறேன். ஒரு காலைப்பொழுது எங்களுக்குத் தந்தால் போதும். நேற்று லெட்சுமியின் தோட்டத்துக்குப் போய்க் கங்காணியிடம் பேசிவிட்டேன். பெரட்டில் சொல்கிறேன் என்றார். தப்படிக்கிறவரும் சரியென்றுவிட்டார். லெட்சுமியின் லயத்து வாசலில் கொஞ்சம் கூடுதலாகவே அடிப்பாராம்.

காரியதரிசியாருக்கு அந்தச் சத்தம் ஆகாதென்றால் பஞ்சு வைத்துக் கொள்ளட்டும். லெட்சுமிக்குக் காது நன்றாகவே கேட்கும்.