பெரும்பான்மையில் ஐம்பத்துநாலு

அந்த சோப்புத் தொழிற்சாலையில் அவரைத் 'தீர்மானம்' என்று சொன்னால்தான் தெரியும். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. டீயில் சர்க்கரை போடலாமா என்பதற்குக்கூடக் கையைத் தூக்கச் சொல்லி எண்ணுகிற சங்கச் செயலாளரை வேறெப்படிக் கூப்பிடுவது?

சங்கத்தில் வகுப்பு தொடங்கியதற்குக் காரணம் அவர் மனைவியின் முழங்கால். பதினெட்டு வருஷமாக பேக்கிங்கில் நின்றே வேலை. எடை அறையில் நாற்காலி உண்டு. ஆனால் அங்கே போகக் கணக்குப் பரீட்சை எழுத வேண்டும். பத்துக் கேள்வி, பத்தும் சரியாக இருக்க வேண்டும். தீர்மானம் விடுவாரா? புதன்கிழமைதோறும் ஷிஃப்ட் முடிந்ததும் சங்க அறையில் வகுப்பு என்று முடிவாயிற்று. கெஞ்சிக் கூத்தாடிப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார், தன்னையும் மனைவியையும் சேர்த்து.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசி வகுப்பு வரைக்கும். அன்று டீச்சர் ஏழையும் எட்டையும் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டாள். வெல்டர் ஐம்பத்துநாலு என்றார். பழக்க தோஷம், தீர்மானம் எழுந்துவிட்டார்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்!"

பதினொரு கைகள் எழுந்தன.

"ஐம்பத்தாறுங்க," என்றாள் மனைவி, கையை மடியில் வைத்துக்கொண்டே.

"எதிர்ப்பு ஒண்ணு. தீர்மானம் நிறைவேறிடுச்சு. உக்காரும்மா."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, ஏழேழு சோப்பாக எட்டு வரிசை அடுக்கி எண்ணச் சொன்னாள். ஐம்பத்தாறு. மூன்று தடவை எண்ணினார்கள், சோப்பு மசியவில்லை.

தீர்மானத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை. நிறைவேறியதை ரத்து செய்ய ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சங்க விதி. அதை எழுதியவரே அவர்தான். பரீட்சையோ சனிக்கிழமை. மூன்று நாளும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதானே?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வினாத்தாளில் முதல் கேள்வியே அதுதான்! மனுஷன் வேர்த்து விறுவிறுத்து, ஒரு கையால் தாளை மறைத்துக்கொண்டு ஐம்பத்தாறு என்று எழுதினார். வெளியே சைக்கிள் ஷெட்டில் எல்லோரும் கூடியதும் தாங்க முடியாமல் உடைந்துவிட்டார்.

"தோழர்களே, நான் கருங்காலி ஆயிட்டேன். ஐம்பத்தாறு எழுதிட்டேன்."

வெல்டர் செருமினார். "நானும்தான்."

"நானும்."

"எனக்கும் வேற வழி தெரியல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"நான் ஐம்பத்துநாலு எழுதினேன்," என்றாள்.

"ஐயோ, ஏம்மா? உனக்குத்தான் தெரியுமே!"

"நீங்க எப்படியும் அதைத்தான் எழுதுவீங்கன்னு நினைச்சேன். தனியா ஃபெயிலாகி நிப்பீங்களேன்னு மனசு கேக்கல."

முப்பது வருஷம் ஒற்றுமை, ஒற்றுமை என்று தொண்டை கிழியக் கத்தியவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த வகுப்புலயும் நான் உன் பக்கத்துலயே உக்காந்து படிக்கிறேன். ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்!"

பதினொரு கைகள் எழுந்தன. அவள் கை மட்டும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"தள்ளியே உக்காருங்க," என்றாள். "இந்தத் தடவை நான் பாஸாகணும்."