வாடகைக்கு எடுத்த இணையக் கடை

தக்காளி கொதித்துக்கொண்டிருந்த அண்டாவின் அடியில் தீயைத் தணித்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி அண்ணி தன் போனை என்னிடம் நீட்டினார். “தம்பி, நம்ம கடையத் தொறந்தா வேற என்னமோ வருதுங்க. பாருங்க.” திரையில் எங்கள் தொக்குப் பாட்டில்களின் படங்கள் இல்லை. இந்தக் கடை தற்போது இயங்கவில்லை என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

அண்ணன் விபத்தில் போன பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அண்ணி தொடங்கிய தொழில் அது. பாலக்கோடு மண்டியில் விலை சரியும்போது விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் மலிவாக வாங்கித் தொக்கு கிளறுவார். இணையத்தில் விற்கலாம் என்றது செல்போன் கடை வைத்திருக்கும் நான்தான். மாத வாடகைக்கு இணையக் கடை அமைத்துத் தரும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தோம். குறை சொல்ல முடியாது, ஒரே மாலையில் கடை தயார். கம்ப்யூட்டர் படித்தவர் யாரும் தேவைப்படவில்லை. படம் எடுத்துப் போட்டோம், விலை எழுதினோம், பணம் நேராக வங்கிக்கு வந்தது. பென்னாகரத்தைத் தாண்டி அதிகம் போயிராத அண்ணியின் தொக்கு கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போனது. ஒவ்வொரு ஆர்டருக்கும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நிறுவனம் கடையை மூடியதற்குக் காரணம் அண்ணியின் பெயர். ஆதாரில் அவர் அப்பாவின் இனிஷியல், வங்கிக் கணக்கில் அண்ணனின் இனிஷியல். இரண்டும் ஒருவரே என்பதை அந்த நிறுவனம் ஏற்கவில்லை. திருமணச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அனுப்பினேன். குடும்பப் பெயரைத் தெளிவாகக் குறிப்பிடவும் என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. எழுதியது மனிதர் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. பேசுவதற்கு ஒரு போன் நம்பர்கூடக் கிடைக்கவில்லை.

“எங்கப்பா எழுத்தும் என்னுதுதான், உங்கண்ணன் எழுத்தும் என்னுதுதான். இதுல எத விடச் சொல்றாங்க?” என்று கேட்டார் அண்ணி. அதை நான் எந்தப் பெட்டியில் தட்டச்சு செய்வது?

ஆர்டர் போட்டுக் காத்திருந்தவர்களின் முகவரிகளும் அந்தக் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. ஏன் அனுப்பவில்லை என்று கேட்கக்கூட அவர்களுக்கு வழியில்லை. கிளறி வைத்த தொக்கை ஒகேனக்கல் சாலையில் இருந்த கடைகளில் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். பெரியவளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அண்ணி காதுத்தோட்டைக் கழற்றினார். அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தக்காளிப் பருவம் முடிந்த பிறகு, எந்த விளக்கமும் இல்லாமல் கடை தானாகத் திறந்தது. ஒருவேளை யாரோ பார்த்திருப்பார்கள், அல்லது யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். கோபத்தில், இனி இது வேண்டாம் என்றேன்.

“வேண்டாம்னா சென்னைக்காரங்க எப்படிங்க வாங்குவாங்க?” என்றார் அண்ணி. “வாடகையக் கட்டிவுடுங்க தம்பி.”

கட்டினேன். இப்போது பாட்டில் லேபிளில் எங்கள் போன் நம்பரையும் அச்சடிக்கிறோம். சிலர் நேரடியாக அழைக்கிறார்கள். பலர் இன்னும் அந்தக் கடை வழியாகத்தான் வருகிறார்கள். அண்ணி தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் போனைத் திறக்கிறார். ஆர்டர் வந்திருக்கிறதா என்று பிறகுதான் பார்க்கிறார். கடை இருக்கிறதா என்று முதலில்.