யேசுதாஸ் போட்ட கதவு

யேசுதாஸுக்கு ஒரு கஷ்டம் வந்தால் வாயைத் திறக்க மாட்டான், கதவு செய்வான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கரண்ட் பேனல் போர்டு செய்கிற கம்பெனியில் அவனும் நானும் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம். எனக்கு வயரிங், அவனுக்குத் தகடு. போர்டுக்குக் கதவு மாட்டி மாட்டி அந்தப் புத்தி அவனுக்குள் ஊறிவிட்டது. மீஞ்சூரில் அவன் வீட்டுக்குப் போனால் கோழிக்கூண்டுக்குக் கீல் வைத்த கதவு, டிவிக்குக் கதவு, மண்ணெண்ணெய் டின் வைக்கிற மூலைக்கும் ஒரு கதவு. பக்கத்து வீட்டுக்காரன் தினமும் குப்பையை இவன் வாசல் பக்கம் தள்ளினான். போய் நாலு வார்த்தை கேட்கவேண்டியதுதானே? இவன் அங்கேயும் ஒரு கதவை நட்டுவிட்டு வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷனுக்கு வாய் எதற்குத்தான் இருக்கிறது?

வாய்த்த மனைவியும் அப்படியே. விக்டோரியா நன்றாகப் படித்த பெண், பிளஸ் டூ முடித்து டைப்பிங்கும் கற்றவள். ஆனால் வாயில் கொழுக்கட்டை. இரண்டு பேரின் அப்பா அம்மாவும் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வம்சத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, சம்பளம் வாங்கிய முதல் ஆள் விக்டோரியாதான். பைபாஸ் ஓரத்தில் அரசப்பன் வைத்திருந்த லாரி எடைமேடையில் அவளுக்கு வேலை. பழைய இரும்பு ஏற்றிய வண்டி மேடையில் ஏறி நிற்கும், கம்ப்யூட்டரில் எடை வரும், இவள் வண்டி நம்பரை அடித்துச் சீட்டு எடுத்துக் கொடுப்பாள். அந்த நாற்காலியை அவள் எவ்வளவு பெரிதாக நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் மூவரும் வேலைக்குப் போய்வருகிற ரயிலில் அவள் பேசுகிற கொஞ்சநஞ்சப் பேச்சும் அந்த ஆபீஸைப் பற்றித்தான்.

அரசப்பன் பள்ளிப்பட்டு பக்கத்துக்காரர். தங்கமான மனுஷன், பக்தி மட்டும் கொஞ்சம் தூக்கல். இரண்டாயிரத்து ஆறில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டார். அதன் சி.பி.யு. பெட்டிக்கு முகத்தின் நட்டநடுவில், மேலே, ஆன் பண்ணுகிற பட்டன் வட்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மேடைக்கும் பிரிண்டருக்கும் கல்லாவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர், கம்ப்யூட்டருக்கு நெற்றி என்று கண்டுபிடித்தது அந்தப் பட்டனைத்தான். கட்டைவிரலால் ஒரு அப்பு அப்புவார். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிடும். பிறகு பட்டனை அழுத்தினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், மெஷின் பொசுக்கென்று அணைந்துவிடும். வெளியே லாரி வரிசை கட்டும். டிரைவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்.

சனிக்கிழமை காலையில் யாரும் வருவதற்குள் விக்டோரியா கொண்டை ஊசியால் சந்தனத்தை நோண்டி எடுத்துப் பார்த்தாள். சில வாரம் தப்பினாள், சில வாரம் மாட்டினாள். அரசப்பனுடைய மச்சானுக்கு வேலையில்லாத பிள்ளை ஒருவன் இருந்தான். அந்தப் பெண் வந்ததிலிருந்துதான் மெஷினுக்கு இப்படி ஆகிறது என்று மச்சான் ஓதிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் அரசப்பன் அவளைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தபா நின்னுச்சின்னா நா வேற ஆளப் போட்டுக்குறேம்மா. தப்பா நெனச்சிக்காத."

அன்று ரயிலில் அழுதுகொண்டே எங்கள் இருவரிடமும் சொன்னாள். நேராகப் போய் விஷயத்தைச் சொல்லு, அவர் என்ன புலியா என்று நான் கத்தினேன்.

"நா சொன்னா இன்னா நெனப்பாங்க அண்ணா? வேதக்காரப் பொண்ணு, அதான் பொட்டு வெச்சா புடிக்கலன்னுதான் சொல்லுவாங்க. அப்பறம் மெஷினு ஓடுனாலும் எனக்கு அங்க எடம் இல்ல."

யேசுதாஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் தொடையின் மேல் அளவெடுத்துக்கொண்டிருந்தன. ஆகா, கிளம்பிவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

லாரித் தூசி உள்ளே போகாமல் இருக்க கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு கதவு போடலாமா என்று விக்டோரியா முதலாளியைக் கேட்டாள். அதுவும் பொய்யில்லை, அந்த ரோட்டில் துருத் தூசி வெல்லப்பாகு மாதிரி ஒட்டும். அரசப்பன் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் யேசுதாஸ் டேப்பை எடுத்துக்கொண்டு போனான். பெட்டிக்கு இடதுபக்கம் சுவர், வலதுபக்கம் பிரிண்டர். பக்கவாட்டில் திறக்கிற கதவென்றால் எதிலாவது இடிக்கும். அதனால் கீலை அடியில் வைத்து, கதவு முன்பக்கமாகக் கீழே சாய்கிற மாதிரி போட்டான். சாய்ந்து கிடக்கும்போது சி.டி. தட்டு அதன் மேலாக வெளியே வரவேண்டும், மூடினால் மேலே ஒரு காந்தம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரத்துக்கு எங்கள் போர்டுகளுக்கு ஒட்டுகிற அதே ரப்பர் பட்டை.

முதல் தடவை முகம் முழுக்க அடைத்துவிட்டான். பெட்டிக்கு மூச்சு முட்டி, மத்தியானத்துக்குள் அடுப்பாகச் சுட்டது. கழற்றிக்கொண்டு வந்து அடியில் காற்று போக வரிவரியாக வெட்டினான். சூப்பர்வைசரைக் கேட்டு வாங்கிய துண்டுத் தகடுதான், ஆனால் ஒரு மூலையில்கூடப் பிசிறு கிடையாது. எனக்கே பொறாமையாக இருந்தது.

பெயின்ட்டுக்குப் போகிற நேரத்தில் அந்த மகராசன் ஒரு காரியம் செய்தான். கதவை மரக்கட்டை மேல் வைத்து, உருண்டைத் தலை சுத்தியலால் நடுவில், மேல்பக்கமாக, மெல்லத் தட்டினான். கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். மறுபடி தட்டினான். வழவழவென்று இருந்த தகட்டில் ஒரு குழி விழுந்துவிட்டது. புத்தி கெட்டுவிட்டதா உனக்கு என்று கேட்டேன். சிரித்தான். வேறென்ன செய்வான்?

மாட்டிய அன்று அரசப்பன் கதவைத் திறந்து மூடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"ஷோக்கா கீது நைனா. புதுசுலயே நசுக்கி எத்தாந்துட்டியே, அதான் கொஞ்சம் பேஜாரு."

யேசுதாஸ் தலையைச் சொறிந்தான்.

நசுங்கின இடத்தில் பொட்டு வைக்கக்கூடாது என்று அரசப்பன் குழியை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தார். எங்கே வைத்தால் என்ன, கதவோடு நின்றது. பட்டன் மாட்டவில்லை, மெஷின் அணையவில்லை. மச்சானுக்கும் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் பூஜை முடித்துவிட்டு நானும் யேசுதாஸும் எடைமேடைக்குப் போனோம். வாழைக்கன்று கட்டி, பொரிகடலை குவித்து, லாரி டிரைவர்களெல்லாம் நின்றிருந்தார்கள். அரசப்பன் சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டரிடம் வந்தார். என்ன நினைத்தாரோ, கதவைக் கீழே சாய்த்தார். வருஷத்துக்கு ஒருநாள் நல்ல நாளில் வாசக்கதவுக்குப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்காரனை விடலாமா என்று சொல்லிக்கொண்டே, கை நிறையச் சந்தனத்தைப் பட்டனிடம் கொண்டுபோனார்.

"வேணாம் மொதலாளி." விக்டோரியாவின் குரலா அது என்று நானே திரும்பிப் பார்த்தேன். "அதுல வெச்சாதான் மெஷினு நின்னுபோவுது."

மச்சான், பார்த்தாயா என்கிற மாதிரி தொண்டையைக் கனைத்தார். அரசப்பனுடைய முகம் சுருங்கிவிட்டது. கோபத்தைவிட வலிதான் அதில் அதிகம் தெரிந்தது.

"நா சாமின்னு வெக்கிற பொட்டு, ஒனக்கு அழுக்காம்மா?"

போயிற்று, வேலை போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது யேசுதாஸ் முன்னால் போய்க் கதவைத் தூக்கி மூடினான். அந்தக் குழியைத் தொட்டான்.

"இது நசுங்கல் இல்ல மொதலாளி. நீங்க பொட்டு வெக்கத்தான் எடம் உட்டேன். உள்ள வெச்சா பட்டன் மாட்டிக்குது, அத்த சொல்ல எங்களுக்கு பயமா இருந்துச்சி. பொட்டுக்கு எடமே இல்லாம கதவு போட மனசு வரல."

அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அரசப்பன் அவனைப் பார்த்தார், விக்டோரியாவைப் பார்த்தார். பிறகு சந்தனம் தோய்ந்த கட்டைவிரலைக் குழியில் வைத்தார். சரியாக உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

"மொதல் நாளே சொல்லியிருந்தா இன்னாம்மா?" என்றார். "நா என்ன அவ்ளோ மோசமானவனா?" விக்டோரியா அழுதாள். முதல் தட்டுப் பொரியை அவர் அவள் கையில்தான் கொடுத்தார்.

அவள் அந்த நாற்காலியிலேயே இருக்கிறாள். கொண்டை ஊசி கொண்டையிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அரசப்பன் கிண்ணத்தில் சந்தனம் குழைக்கும்போது, அவர் கண்முன்னாலேயே விக்டோரியா ஈரத்துணியை எடுத்துக் குழியிலிருக்கிற பழைய பொட்டைத் துடைத்துவிட்டு, புதுப் பொட்டுக்காக நகர்ந்து நிற்கிறாள்.